ஓடக்காரன் கரையேறினானா

இருதயராஜ் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்ததும் போட்டுக்கொள்வார், போட்டதும் கடைசி அத்தியாயத்தைத் தொடங்குவார், தொடங்கினால் முடிந்துவிடும், முடிந்ததும் கோயில் மணி அடிக்கும், மணி அடித்தால் மகன் ரெமி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடுவான் என்று அமலோற்பவம் ஒன்றோடு ஒன்றாகக் கோத்துக்கொண்டே போனாள். அவர் இன்னும் கொஞ்சம் துடைக்கட்டும். முந்தானை நுனி ஈரமாகிவிட்டது, அதையே முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பங்குக் கோயிலின் இந்தப் பக்கத்து மண்டபத்தில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் க்ரீச் என்றது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் என்பதால் சுவரோரம் இருந்த சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். எது சூசையப்பர், எது அந்தோணியார் என்று உயரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வியாகுல மாதாவை மட்டும் எந்தத் துணி போட்டாலும் தெரியும், நெஞ்சில் குத்தியிருக்கிற வாள் துணியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் உட்கார வேண்டும் என்று வந்தவுடனே இடம் மாறி உட்கார்ந்தாள், மாறிய இடத்திலிருந்தும் தெரிந்தது. தபசு கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்களை உட்காரவைத்துப் பழைய நாவல் ஒன்றை வாசித்துக் காட்டுவது என்று இந்த வருஷம் பங்குச் சாமியார் ஏற்பாடு செய்திருந்தார். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற இருதயராஜ் சார் வாசிப்பார், வாசித்துவிட்டு விளக்குவார். என்ன நாவல் என்று முதல் வாரம் அவர் அட்டையைத் தூக்கிக் காட்டியபோது அமலோற்பவத்துக்கு மூச்சே நின்றது. ஓடக்காரன் சித்திரன் கதை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஆயுசில் வாசித்த ஒரே தடிப் புத்தகம். எனக்குத் தெரியும் சார், இவன் கடைசியில் கரையேறிவிடுவான் என்று சொல்ல வாயெடுத்து, படித்தவர்கள் நடுவில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு இந்தப் பயம் இல்லை. அன்றைக்கு ரெமியும் அவன் கூட்டாளி தொபியும் ஐஸ் வண்டியில் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

சார் கண்ணாடியைப் போட்டுவிட்டார். ஆனால் வாசிக்கவில்லை, போன வாரத்தை ஞாபகப்படுத்துகிறேன் என்றார். நல்லது. போன வாரம் அவர் சொன்னதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. உலகத்துப் பெரிய நாவல்களில் அங்கங்கே ஒருத்தன் வருவான், அவன் வேதக்காரனாக இருக்க வேண்டியதில்லை, ஏசு என்ற பெயரே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவன் நடையில், கையில், சாவில் கிறிஸ்துவின் சாயல் விழும், எழுதுகிறவர் அங்கங்கே அடையாளம் வைத்திருப்பார், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சித்திரன் துடுப்பை வலது தோளில் சாய்த்துச் சுமந்து வருகிறான், அது சிலுவை. மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறான், அது அப்பம். ஓடத்தில் ஏறுகிற கிழவியின் சேற்றுக் காலைக் கழுவுகிறான். இன்னொருத்தன் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்கிறான். அப்போது பின் வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா, "எங்க வீட்டுக்காரரும் கிழங்கப் பிட்டுத்தான் திங்காரு சார், அவரையும் பீடத்துல ஏத்திருவோமா?" என்று கேட்க மண்டபமே சிரித்தது. சாரும் சிரித்தார். "ஒரு அடையாளம் பத்தாதும்மா. எல்லாம் சேந்து வரணும். சேந்து வந்தா, முடிவு என்னன்னு நாம முன்கூட்டியே சொல்லிரலாம்." எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அந்த வார்த்தை அன்றைக்குக் காதில் விழுந்து அப்படியே கிடந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அது எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டது. ரெமிக்கு இந்த ஈஸ்டர் பாஸ்கு வந்தால் முப்பத்துமூன்று முடிகிறது, ஏசுவைச் சிலுவையில் அறைந்த வயது. கல்யாணம் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறான். சிக்குன்குனியா வந்து அவள் காலை ஊன்ற முடியாமல் கிடந்தபோது வெந்நீர் வைத்து, பாதத்தைத் தன் மடியில் தூக்கிவைத்துக் கழுவி, இடுப்பில் கட்டியிருந்த துண்டால் துடைத்தான். சின்ன வயதில் கட்டுமரத்தில் தூங்கிப்போய் அலை தூக்கியடித்தபோதும் எழும்பவில்லை என்று அவன் அப்பா சொல்லிச் சிரிப்பார். ஐயோ, ஏசுவும் படகில் தூங்கினார்தானே. ஐஸ் கம்பெனியில் அவன் செய்கிற வேலை என்ன, பாளம் பாளமாகத் தோளில் சுமப்பது. வலது தோளா, இடது தோளா? சட்டையில் எந்தப் பக்கம் ஈரமாக இருக்கும்? துவைக்கிறவள் அவள், அவளுக்குத் தெரியாதா, வலது பக்கம்தான், எப்போதும் வலது பக்கம்தான் துணி நைந்து போகும். நினைக்க வேண்டாம் என்று தலையை உதறினாள். பக்கத்திலிருந்த பாக்கியம் அக்கா, "என்னட்டி, கொசுவா?" என்றாள்.

புதன்கிழமை விடியும் முன்னே நடந்தது. ஐஸ் ஏற்றிய குட்டியானை வண்டியைத் தொபி ஓட்டிக்கொண்டு வந்தான், ரெமி பக்கத்தில் இருந்தான். உப்பளத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை வண்டி தட்டிவிட்டது. ரெமிதான் அவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பெரியவர் இன்னும் கண் திறக்கவில்லை. போலீஸ்காரர்கள் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓட்டினவன் வெள்ளிக்கிழமை சாயந்தரம் இன்ஸ்பெக்டர் வரும்போது வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி ரெமி சோற்றைப் பிசைந்துகொண்டே, தண்ணி மோட்டார் ரிப்பேர் என்று சொல்வதைப் போலச் சொன்னான், "நான்தான் ஓட்டினேன்னு சொல்லப் போறேம்மா." அவள் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. "நீயா ஓட்டின?" "தொபிதான். அவனுக்கு லைசென்ஸ் இல்ல. அவன்னா உள்ள தூக்கி வச்சிருவாங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு, ஜாமீன் குடுத்துருவாங்க." "அந்தப் பெரியவருக்கு எதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா?" "ஆவாது." "ஆயிட்டுன்னா என்னல செய்வ?" "எம்மா, மரிய சாந்தா மாசமா இருக்கா. அவனுக்குப் பொண்டாட்டி இருக்கு, பிள்ள வரப் போவுது. எனக்கு யாரு இருக்கா?" எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அவள் ஊற்றிய குழம்பில் இருந்த மீனைப் பிய்த்துத் தின்றான். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். நான் இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்திருப்பான், நீ எங்கம்மா போகப் போற என்றிருப்பான். அப்படித்தான் இருக்கும், எல்லாரும் மாதாவைப் பற்றி அப்படித்தான் நினைத்திருப்பார்கள், நின்றுகொண்டிருப்பாள், எங்கே போய்விடப் போகிறாள். தொபியைத் திட்டவும் மனம் வரவில்லை. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அவன், தாயில்லாதவன், அத்தை அத்தை என்று அடுக்களை வரைக்கும் வருவான். புதனிலிருந்து வரவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய், ஐயா, ஓட்டினது இவன் இல்லை, அவன் என்று சொல்லிவிடலாமா என்று நேற்று முழுக்க நினைத்தாள். ஆனால் காட்டிக்கொடுக்கிறவனுக்கு எல்லாக் கதையிலும் ஒரே பெயர்தான். அதையும் சார் சொல்லியிருந்தார், இந்த மாதிரிப் பாத்திரம் ஒன்று வந்தால் பின்னாலேயே ஒரு யூதாஸ் வருவான், தேடிப் பாருங்கள் என்று. தேடத் தேவையில்லை. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையை முறுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெரியவருக்கு ஒரு ஜெபமாலை, தொபிக்கு ஒரு ஜெபமாலை என்று விரலை உருட்டிக்கொண்டு. எந்த மணியில் நிற்கிறோம் என்பதும் மறந்துபோயிற்று.

சார் வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு நல்ல குரல், கோயிலில் வேத வாசகம் வாசிக்கிறவர். அவள் அப்படியா வாசித்தாள்? எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரியை முடிப்பதற்குள் ரெமி அடுத்த வரியில் என்ன வரும் என்று கேட்டுவிடுவான். அப்போது சின்னப் பையன், மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தான். கண், நகம் எல்லாம் மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தால் துப்புவான், கதை சொன்னால் குடிப்பேன் என்பான். அவளுக்குக் கதை எங்கே தெரியும்? கோயில் நூலகத்துக்குப் போய் எதையாவது கொடுங்கள் என்றாள். அலமாரி அடித்தட்டிலிருந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது, கடைசி அட்டைக்கும் கதைக்கும் நடுவில் மண்தான் இருந்தது. பண்ணையாரின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தது நான்தான் என்று சித்திரன் சொல்கிறான், அவனைத் துடுப்போடு சேர்த்துக் கட்டி ஆற்றில் இறக்குகிறார்கள், அதோடு மண். பிள்ளை விடவில்லை. "அப்புறம் என்னம்மா?" "தெரியலையேல, கறையான் தின்னுட்டு." முகட்டைப் பார்த்துக்கொண்டே அவனே சொன்னான், "ஓடக்காரனுக்கு நீச்சல் தெரியும்மா. துடுப்பு மரம்தானே, மெதக்கும். கரையேறிருவான்." ஆமாம், மரம் மிதக்கும் என்று அவளும் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் முகம் சுளிக்காமல் மோரைக் குடித்தான். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் சித்திரன் கரையேறினவன்தான் அவளுக்கு. நனைந்த வேட்டியோடு வந்து தின்பதற்குக் கிழங்கு கேட்கிறவன். ரெமிக்கும் அப்படித்தான் இருக்கும். இருக்காதா? காமாலைக் காய்ச்சலில் மனதில் பதிந்தது போகுமா? அடுத்தவன் செய்ததை ஏற்றுக்கொள்கிறவன் மிதப்பான், கரையேறுவான் என்று அவன் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது, அதனால்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறான், அதனால்தான் பயமே இல்லை. சாரின் குரல் ஆற்றுக்குள் இறங்கியது. துடுப்பு சித்திரனின் தோளுக்குக் குறுக்கே, இரண்டு கையும் விரித்துக் கட்டியிருக்கிறது. சரி. தண்ணீர் கழுத்து வரைக்கும். சரி, மரம் மிதக்கும். சித்திரன் தாகமாக இருக்கிறது என்கிறான், இவ்வளவு தண்ணீருக்கு நடுவில். பெண்கள் படித்துறையில் அழுகிறார்கள். மிதக்கட்டும், இப்போது மிதக்கட்டும், சார், அடுத்த வரி, அடுத்த வரியில். சார் பக்கத்தைத் திருப்பினார். மறுநாள் காலை துடுப்பு மட்டும் கரை ஒதுங்கிக் கிடந்தது, அதில் கயிறு சுற்றிய தடம் இருந்தது என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அமலோற்பவம் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. துடுப்பைத் தோளில் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இந்த ஊரிலேயே தெரியாதவர்கள் இரண்டு பேர்தான், அவளும், இந்நேரம் ஐஸ் கம்பெனிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கும் அவள் மகனும்.

சார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டே பேசினார். இந்த நாவலின் உச்சம் சாவுகூட இல்லை, அவனைப் பெற்றவள் என்றார். படித்துறையில் அவளும் நிற்கிறாள், அவளுக்கு உண்மை தெரியும், ஆனாலும் எழுதியவர் அவளுக்கு ஒரு பேச்சும் கொடுக்கவில்லை, நின்றாள் என்று ஒரே சொல்லோடு விட்டுவிட்டார், சிலுவையடியில் மாதா நின்றதைப் போல என்றார். "அந்த மௌனத்தப் பத்தி யாராவது ஒருத்தர் சொல்லுங்க." மின்விசிறி க்ரீச் என்றது. சார் எல்லா முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்து அவள் முகத்தில் நின்றார், அவள் கண்ணைத் தாழ்த்த மறந்திருந்தாள். "அமலோற்பவம் அம்மா, நீங்க என்னமோ நெனைக்கிறீங்க." எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது. முந்தானை நுனியை விடாமல் எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசியாக எழுப்பிவிட்டபோதும் இப்படித்தான் நின்றாள். "அவ… அவ ஏன் சார் நிக்கா?" என்றாள். சார் காத்திருந்தார். "தெரியும்லா அவளுக்கு. அவன் தீ வைக்கலன்னு. சொல்ல வேண்டியதுதான?" முன் வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, "சொல்லியிருந்தா, தீ வச்ச பையன் போயிருப்பானேம்மா. அவனுக்கும் ஒரு வீடு இருக்கு" என்றார். அது சரிதான். மரிய சாந்தாவின் வயிறு கண் முன்னே வந்தது, போன மாதம் மாங்காய் கேட்டு வந்து வாசலில் நின்ற வயிறு. "ஆமா சார்," என்றாள், "அவனுக்கும் வீடு இருக்கு," என்றாள், உட்காரப் போனாள், உட்காராமல், "அந்தப் பையன் எங்க சார் இருந்தான், அவனக் கூட்டிட்டு வந்து படித்துறையில நிப்பாட்டியாவது இருக்கலாம், அவன் பாத்தானா, அவன் பாத்திருந்தா ஒருவேள அவனே" என்று சொல்லி எங்கே முடிப்பது என்று தெரியாமல் நின்றாள். பாக்கியம் அக்கா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருட்டி, வேர்க்குது ஒனக்கு." உட்காரவில்லை. செருப்பைக் காலால் தேடினாள், ஒன்று அகப்பட்டது, இன்னொன்று பெஞ்சுக்கு அடியில் போயிருந்தது, குனிந்து எடுத்தால் தலை சுற்றும், ஒற்றைச் செருப்போடு வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து மற்றதை எடுத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வெளியே வெயில் இறங்கிவிட்டிருந்தது. கோயில் கேட்டில் ரெமி பைக்கை நிறுத்திக் காலூன்றிக் காத்துக்கொண்டிருந்தான், அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகத்தான் காலையில் சொல்லியிருந்தான். பின் சீட்டில் தொபி. அவளைக் கண்டதும் இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றான். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. அவள் நேரே மகனிடம் போனாள். "ஏல, சித்திரன் செத்துட்டான்." ரெமி பதறி, "எந்தச் சித்திரன்? எப்ப?" என்றான். "ஓடக்காரன்ல. கறையான் தின்ன புக்குல. கரையேறல, துடுப்புதான் ஏறுச்சு." அவன் முழித்தான். "எந்த புக்கும்மா?" "காமாலைல கெடந்தப்ப வாசிச்சேன்ல. மரம் மெதக்கும்னு சொன்னியே!" ரெமி தலையைச் சொறிந்தான். "கீழாநெல்லி குடுத்தது ஞாபகம் இருக்கு. த்தூ, என்னா கசப்பு. புக்கெல்லாம் ஞாபகம் இல்லையே." ஞாபகம் இல்லை. அப்படியென்றால் கதையைப் பார்த்து இவன் செய்யவில்லை, அடையாளமும் இல்லை, சாயலும் இல்லை. சட்டையில் மேல் பித்தான் அறுந்து தொங்க, நாலு பேர் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருத்தன், தன் வயிற்றில் பிறந்தவன், அவ்வளவுதான். பயம் போகும் என்று பார்த்தால் கூடிவிட்டது. சித்திரனுக்காவது எழுதினவர் ஒருத்தர் இருந்தார், எதற்குச் சாகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இவனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்போது மணி அடித்தது. நின்ற இடத்தில் மூவரும் நெற்றியில் குருசு போட்டார்கள், கை தானாகப் போனது. உதடும் தானாக மணி ஜெபத்துக்குள் போனது, தேவதூதனாகிய சம்மனசு வந்து உனக்கு ஒரு மகன் பிறப்பான் என்று சொல்லியது, மாதா கேட்டுக்கொண்டாள், அடுத்து மாதா உம் சித்தப்படி ஆகட்டும் என்று சொல்லும் இடம். நினைவு தெரிந்த நாளிலிருந்து நாள் தவறாமல் சொன்ன சொல். வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது, மணி அடுத்ததற்குப் போய்விட்டது.

"நானும் ஸ்டேஷனுக்கு வாரேன்," என்றாள். "நீ எதுக்கும்மா?" "யாரு ஓட்டினான்னு கேப்பாங்கள்லா. சொல்லுதேன்." "எம்மா!" ரெமி பைக்கிலிருந்து பாதி இறங்கிவிட்டான். "நீ வீட்டுக்குப் போ. சாந்தாவ நெனச்சுப் பாரு." "அவளத்தான்ல நெனைக்கேன், புதன்கிழமையிலருந்து அவளத்தான் நெனைக்கேன்." அதுவும் பொய்யில்லை. தொபியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, சுவரிடம் சொல்வதைப் போலச் சொன்னாள், "ஒன்னக் காட்டிக்குடுக்கணும்னு இல்ல தொபி. எனக்குப் படித்துறையில நிக்கத் தெரியாது. அவ்வளவுதான்." தொபிக்கு அது புரிந்திருக்காது. சுவரை விட்டுத் திரும்பி, "பைக்குல மூணு பேரு போனா அதுக்கே புடிப்பான் அத்தை," என்றான். "நடப்போம்."

நடந்தார்கள். தொபி முன்னால், ரெமி பைக்கைத் தள்ளிக்கொண்டு நடுவில், அவள் பின்னால். ஸ்டேஷன் மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம். அதற்கு முன்னால் தொபியின் வீட்டுச் சந்து வரும். திரும்பிவிடுவான், சந்து வந்ததும் திரும்பிவிடுவான், திரும்பினால் நான் என்ன செய்வேன், கூப்பிடுவேனா, கூப்பிடாமல் ஸ்டேஷனுக்குப் போவேனா, போனால் அங்கே என் வாயில் அவன் பெயர் வருமா என்று ஒவ்வொரு கடையாகக் கடக்கும்போதும் நினைத்தாள். சந்து வந்தது. தொபி நின்றான். உள்ளே மூன்றாவது வீட்டில் விளக்கு எரிந்தது, குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ரெமியும் நின்றான். தொபி சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டான். பிறகு திரும்பி ரெமியிடம், "நீ பக்கத்துல இருந்தேன்னு மட்டும் சொல்லு, மாப்ள. இருந்ததான," என்றான். சந்தைத் தாண்டி நடந்தான். ரெமி அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பைக்கை அவசரமாகத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். இரண்டு பேர் முதுகும் மார்க்கெட் கூட்டத்துக்குள் போயின. எது யாருடையது என்று கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது. அவள் அவர்களுக்குப் பின்னால் போகவில்லை. தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது, குடம் நிறைந்திருக்கும், மாசமாக இருக்கிறவள் குனிந்து அதைத் தூக்கப் போகிறாள். தூக்கக் கூடாது, இந்த மாதத்தில் தூக்கவே கூடாது. இவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது? அமலோற்பவம் சந்துக்குள் திரும்பினாள்.

"ஏட்டி சாந்தா, அதத் தொடாத. நான் தூக்குதேன்."